மாதிரிக்கு எழுதிய காரணம்

‘ரத்து’ பட்டனைத்தான் அழுத்தினார் தபால் பிரிவு கிளார்க். திரையில் வந்ததோ, ‘உங்கள் விடுப்பு விண்ணப்பம் மேனேஜருக்குச் சென்றுவிட்டது.’

‘காரணம்’ என்ற பெட்டியில் எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க, மாதிரிக்கு அவர் அடித்துவைத்திருந்தது இது: ‘மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை.’

தலை நரைத்தும் மனிதர் இன்னும் தற்காலிக ஊழியர். ஆபீஸ் செலவில் சாயங்கால வகுப்புக்குப் போய், பெட்டியும் பட்டனும் திரையில் இழுத்துப்போட்டே புரோகிராம் செய்யக் கற்றிருந்தார். அப்படி ஆபீசுக்காக அவர் செய்த இந்த விடுப்புப் படிவம் தேறினால் வேலை நிரந்தரம். வீட்டுக்காரி அதற்குள் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்தாயிற்று.

வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டார்.

“டீச்சர், ரத்து பண்ணினா அனுப்புதே!”

“அனுப்பு பட்டனை நகலெடுத்துப் பேரை மட்டும் மாத்துனீங்களா?”

“ஆமா. ரெண்டும் ஒரே அளவா இருந்தாத்தான் அழகுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஐயோ சார்! நகலெடுத்தா அது செய்யற வேலையும் கூடவே வரும்னும் சொன்னேனே!”

அவசர அவசரமாக ‘திரும்பப் பெறு’ என்று ஒரு பட்டன் வைத்தார். பதற்றத்தில் அதையும் பழைய பட்டனிலிருந்தே நகலெடுத்துத் தொலைத்தார். அழுத்தினார். மேனேஜருக்கு இன்னொன்று போனது.

ஒருவழியாகப் பட்டன்களைத் திருத்தினார். காலையில் எல்லாருக்கும் கொடுத்த படிவத்திலும் இதே கோளாறுதானே! ஆண்டு விடுப்பு கேட்க அன்றுதான் கடைசி நாள் வேறு. திருத்தியதை உடனே எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார். இதையாவது உருப்படியாகச் செய்தோம் என்றிருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“நீங்க மட்டும் எழுதியிருந்தா வீட்டுக்கு அனுப்பிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆபீஸ் மொத்தமும் எழுதியிருக்கே! அப்படி என்னய்யா பண்ணினேன் நான்?”

கிளார்க் திரையைப் பார்த்தார். வரிசையாக எல்லார் விண்ணப்பத்திலும் அதே வாசகம். பட்டனைத் திருத்தியவர் பெட்டியில் இருந்ததை அழிக்கவில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

“சார், தப்பு என்னோடது. மாதிரிக்கு நான் அடிச்சது அப்படியே எல்லாருக்கும் போயிருக்கு. பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்ததால அவங்க கவனிக்காம அனுப்பிட்டாங்க. அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க.”

“கவனிக்கலையா?” மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதானே பார்த்தேன்! சரி, விடுங்க. கத்துக்கும்போது இதெல்லாம் சகஜம். வேலை விஷயமா மேலே நான் பேசறேன்.”

கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மேனேஜர் சிரித்தபடியே கேட்டார்.

“ஏம்மா, காரணம்னு என்ன இருக்குன்னுகூடப் படிக்காமலா லீவு கேட்டு அனுப்புவே?”

“படிச்சேனே சார். சரியாத்தானே இருந்துச்சு, அதான் மாத்தல.”