மூட்டத்தின் சரியான சாம்பல் நிறம்

கண்டியில் படம் பார்ப்பவர்கள் பலவகை. கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள், பஸ்ஸில் பக்கத்து ஆளின் கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள், பார்க்காமலே விமர்சனம் எழுதுகிறவர்கள். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. இங்கே சொல்ல வருவது வேறோர் இனத்தைப் பற்றி. இவர் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தின் பிரதியைப் பார்க்கிறார். பிரதியர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். நேற்று ஒரு நல்ல படம் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் என்ன கதை என்று கேட்பார்கள். பிரதியர் "எந்தப் பிரதி?" என்று கேட்பார். நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே குளிசை வாங்கி விழுங்கியதைக் கேட்ட டொக்டரைப்போல ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லையோடு நீங்கள் பார்த்த படம் செத்துப்போகும்.

கட்டுகஸ்தோட்டையில் மேல்மாடி வீடொன்றில் இருக்கும் சுதேஷ், காப்புறுதி நிறுவனமொன்றில் அதிகாரி, இந்த இனத்தின் நல்ல மாதிரி. அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு படம்தான். பழைய ரஷ்யப் படம். போர்க்காலம், ஒரு பெண் தன்னுடைய பசுமாட்டைக் கயிற்றில் பிடித்து, உறைந்துபோன ஏரியின்மேல் நடத்திக்கொண்டு, அக்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். ஒரே பனிமூட்டம். அவ்வளவுதான் கதை. ஆனால் பிரதிகள் அவ்வளவல்ல. ரஷ்யாவிலேயே வந்த பழைய டிவிடி இறுவட்டு இருக்கிறது. அதில் மூட்டம் வெளிறிப்போய் வெறும் சுவர்மாதிரித் தெரியும். அமெரிக்கப் பிரதி இருக்கிறது. சுத்தம் செய்கிறோம் என்று மூட்டத்துக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். பிரித்தானியப் பிரதியில் நிறம் சரி, ஓரம் சரியில்லை. மாட்டின் வால் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஜப்பானில் ஒன்று வரப்போகிறதாம். அதில் வால் இருக்கும் என்று நம்பப்படுகிறது.

இவற்றை ஒப்பிடுவதற்கு ஒரு சடங்கு உண்டு. பட்டப்பகலில் திரைச்சீலைகள் இழுத்து மூடப்படும். நடுக்கதிரையில் வேறு யாரும் உட்காரக்கூடாது. குசினி லைட்டும் அணைக்கப்படும், ஏனென்றால் கதவிடுக்கால் கசியும் வெளிச்சம் கறுப்பைக் கெடுக்கும். சுதேஷின் மனைவி தர்ஷிகா, கலஹாப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியை, இருட்டில் வெங்காயம் நறுக்கப் பழகியது இப்படித்தான்.

"என்னங்க, அந்த மாடு அந்தப் பக்கம் போகுமா போகாதா?" என்று ஒருநாள் கத்தியும் கையுமாக வந்து கேட்டாள்.

"மாட்ட விடு. மாட்டுக்குப் பின்னால பாரு. மஞ்சளடிக்குது, தெரியுதா?"

"மூட்டம்னா மூட்டந்தாங்க. ஹந்தானை மலையில தெனம் பாக்குறோமே."

"ஹந்தானை மூட்டத்த யாரும் கெடுக்கலையே."

அவள் போய்விட்டாள். அவர் அந்தக் காட்சியை மறுபடி போட்டார்.

இனி ஒரு இரகசியம். பிரதியர் இனம் முழுவதுமே காப்பாற்றிவரும் இரகசியம் இது. சுதேஷ் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்ததில்லை.

நம்ப முடியவில்லையா? யோசித்துப் பாருங்கள். மஞ்சளடிக்கும் மூட்டத்தில் எப்படிக் கடைசிவரை போவது? வால் இல்லாத மாட்டோடு எப்படி ஏரியைக் கடப்பது? பெண் ஏரியின் நடுப்பகுதிக்கு வருவாள், அவர் நிறுத்துவார், அடுத்த பிரதியைப் போடுவார், அவள் பாவம் திரும்பவும் இக்கரையிலிருந்து புறப்படுவாள். சரியான பிரதி வரட்டும், அன்றைக்கு ஒரே மூச்சில் பார்ப்போம் என்று அவர் அந்த முடிவைத் தனக்காகச் சேமித்து வைத்திருந்தார். கலியாணத்துக்கு முன்பிருந்தே சேமிக்கிறார். இதற்கிடையில் 'மூட்டத்தின் அரசியல்' என்று சிறுபத்திரிகையொன்றில் நீண்ட கட்டுரையும் எழுதினார். பாராட்டினார்கள். முடிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிறுபத்திரிகை வட்டத்தில் முடிவைக் கேட்பது அநாகரிகம். கேட்டவருக்குக் கதைதான் வேண்டும் என்பது வெளியே தெரிந்துவிடும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். தர்ஷிகாதான் கெடுத்தாள்.

யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்து இணையத்தில் போட்டிருந்த பிரதி. மூலையில் ஏதோ அலைவரிசையின் முத்திரை. கீழே ஆங்கிலத்தில் அரைகுறை எழுத்து. அதைக் கைத்தொலைபேசியில், பாடசாலை விட்டு வரும் பஸ்ஸில் பாதியும் மறுநாள் காலை போகும் பஸ்ஸில் மீதியுமாகப் பார்த்து முடித்தாள். கலஹாவில் இறங்கவேண்டியவள் அதையும் தாண்டித் தெல்தோட்டையில் போய் இறங்கினாள்.

"எறங்குற எடத்த விட்டுட்டேங்க" என்றாள் அன்று பின்னேரம்.

"ஏன்?"

"அந்த மாட்டால."

சுதேஷின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "பஸ்லயா? ஃபோன்லயா?" என்றார். தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டார். எவ்வளவோ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய ஒன்றைக் கொண்டுபோய்த் தெல்தோட்டை பஸ்ஸில் குலுக்கிவிட்டாளே!

அவர் முடிவைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். அவர் ஃபோனின் திரை அளவைக் கேட்டார்.

"நீங்க கடைசிவரைக்கும் பாத்திருக்கீங்கதானே?"

"அதென்ன கேள்வி?" என்று எழுந்து போனார்.

கணித ஆசிரியை. விடை அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த போயா தினத்தில், பௌர்ணமி விடுமுறையன்று, சுதேஷ் சேர்ந்திருக்கும் திரைப்பட வட்டத்தின் கூட்டம். போயாவுக்கு டியூஷன் வகுப்பு இல்லை, ஆகவே டியூஷன் மண்டபம் சும்மா கிடைக்கும். வட்டத்தின் செயலாளர் லாபிர், அக்குறணையில் டிவி, ரேடியோ கடை வைத்திருப்பவர், அலவத்துகொடவில் இரவல் வாங்கிய இரண்டு புரொஜெக்டர்களைத் தன் வேனில் கொண்டுவந்திருந்தார். ஒன்று கலியாண மண்டபத்துச் சாமான். எதைப் போட்டாலும் ரோஸ் நிறம். மற்றது நீலம். சுதேஷ் அசரவில்லை. அமெரிக்கப் பிரதியைச் சுவரிலும் பிரித்தானியப் பிரதியை வெள்ளைப் பலகையிலும் அருகருகே ஓடவிட்டார். பலகையில் சரியாக அழிபடாத இரசாயனவியல் சமன்பாடொன்றுக்குள்ளால் பெண்ணும் மாடும் நடந்து வந்தார்கள்.

"இந்த ரோஸைக் கழித்துவிட்டுப் பாருங்கள்" என்றார். கழித்தார்கள். "அந்த நீலத்தையும் கழியுங்கள்." அதையும் கழித்தார்கள். "இப்போது மஞ்சள் தெரிகிறதா?" சிலர் தெரிகிறது என்றார்கள். தெரியவில்லை என்று சொல்ல இப்படிப்பட்ட கூட்டத்தில் யாருக்குத் தைரியம் வரும்?

நிறுத்தினார், ஓடவிட்டார், பின்னோக்கிப் போனார். வெளியே மழை பிடித்தது. பெண் ஏரியின் நடுப்பகுதிக்கு மூன்றாவது தடவையாக வந்துகொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ராஜலிங்கம் குடையோடு எழுந்தார். நாவலப்பிட்டியில் இருந்து வந்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்.

"தம்பி, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. ஒன்னு மட்டும் சொல்லிருங்க. மாடு கரையேறிச்சா?"

மண்டபம் முழுக்க நிமிர்ந்தது. எல்லோருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

சுதேஷ் இரண்டு பிரதிகளையும் நிறுத்தினார். "நல்ல கேள்வி. படம் இந்தக் கேள்வியைத் திறந்தே வைக்கிறது."

"தொறந்து வெச்சா ஈக்கட்டும் தம்பி" என்றார் லாபிர். "மாட்டுக்கு என்ன நடந்த?"

"அது… பிரதிக்குப் பிரதி வேறுபடும்."

"என்னாங்க இது? அமெரிக்காவுல செத்து, இங்கிலாந்துல பொழைக்குமா?" என்றார் ராஜலிங்கம்.

சிரிப்பு எழுந்தது. சுதேஷ் சிரிக்கவில்லை. அவருடைய கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே தர்ஷிகா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காப்பாற்று என்கிறாரா, பேசாமல் இரு என்கிறாரா? அவருக்கே தெரிந்திருக்காது. அவள் எழுந்தாள்.

"நடு ஏரியில மாடு படுத்துருங்க ஐயா" என்றாள். "இழுத்துப் பாப்பா, எழும்பாது. கயித்த விட்டுட்டு அவ மட்டும் போயிருக்கலாம். போகல. மாட்டோட வயித்துல சாஞ்சுக்கிட்டு ஒக்காந்துருவா. தங்கச்சி பேரச் சொல்லிக் கூப்பிடுவா. ராவெல்லாம் அப்படியே. விடியும்போது மூட்டம் கலைஞ்சிரும்."

"கலையுதா?" என்றார் சுதேஷ்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. இனிப் பொறுக்கி எடுக்க முடியாது. லாபிர் தரையைப் பார்த்தார். பிரித்தானிய மாடு பலகையில் அசையாமல் நின்றது.

தர்ஷிகா அவரைப் பார்க்கவில்லை. கிழவரிடமே சொன்னாள்: "கலைஞ்சு பாத்தா, கரை அந்தா, பத்தடி தூரத்துல. நாணல் தெரியுது. நடு ஏரின்னு அவ நெனச்சது நடு ஏரியே இல்ல. மாடு தானா எழும்பி நடந்து கரையேறிரும், ஐயா. அந்தப் பொம்பளதான் எழும்பல."

ராஜலிங்கம் குடையைக் காலடியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "ரயில் போகட்டும்" என்றார்.

இந்த இடத்தில் மனிதன் என்றால் என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்கலாம். பேசாமல் மனைவியின் பக்கத்தில் போய் உட்காரலாம். குறைந்தபட்சம், அந்த இறுவட்டைத் தொடர்ந்து ஓடவிடலாம். இன்னும் கொஞ்சதூரம்தான் இருந்தது. சுதேஷின் கை அதை நோக்கிப் போனதும் உண்மை. ஒரு கணம் அவருடைய முகத்தில், பனியில் சாய்ந்திருந்த அந்தப் பெண் தெரிந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு இனம் வென்றது.

"தர்ஷிகா, மூட்டம் கலையும்போது வெளிச்சம் என்ன நிறம்? மஞ்சளா?"

"தெரியலைங்க" என்றாள் அவள். "அழுதுக்கிட்டிருந்தேன்."

ஜப்பான் பிரதி போன மாதம் வந்து சேர்ந்தது. வால் இருக்கிறது. ஆனால் ஒலி கொஞ்சம் தாழ்ந்திருப்பதாக சுதேஷ் அபிப்பிராயப்படுகிறார். இத்தாலியில் ஒன்று வரப்போகிறதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்ல மொழிபெயர்ப்பு வரட்டும் என்று நீங்கள் அலுமாரியில் பிரிக்காமல் வைத்திருக்கும் தடித்த நாவலைப் பற்றி இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த ரஷ்யப் படத்தின் பெயர் இதில் எங்குமே சொல்லப்படவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். அந்தப் பெண் எழும்பவில்லை என்ற வரியை வாசித்த பிறகும், அது எந்தப் படம், எந்த வருடம், நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தேட உங்கள் கை கைத்தொலைபேசிக்குப் போயிருந்தால், அடுத்த போயாவுக்கு வாருங்கள். லாபிர் உங்களுக்கும் ஒரு புரொஜெக்டர் கொண்டுவருவார்.