உமரி சாரும் ஒரு வெள்ளாடும்

கோவில்பட்டியில் கடல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் வீட்டு மாடியில் சில வருடம் அது குடியிருந்தது. அதற்கு உமரி சார் என்று பெயர்.

சொந்தப் பெயரைக் குடிவந்த அன்றே சொன்னார், மறுநாளே மறந்துவிட்டோம். கடற்கரைச் செடிகளை ஆராய்கிறவர். உப்பளத்து ஓரம் சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்து கிடக்குமே உமரி, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கடலோரம் வேம்பாரில் வேலையை வைத்துக்கொண்டு இங்கே ஏன் வீடு பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன காத்தெல்லாம் ஈரம் அண்ணாச்சி. செடியக் காய வச்சா பூசணம் பிடிக்கி. ஒங்க ஊரு வெயிலுக்கு ஒரே பகல்ல அப்பளமாயிருதுல்லா!"

எங்கள் ஊர் வெயிலை ஒரு மனிதர் பாராட்டி அன்றுதான் கேட்டேன். சொக்கிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

எந்த இலையைக் கண்டாலும் முதலில் நக்குவார், அப்புறம்தான் பார்ப்பார். உப்பு ஏறியிருக்கிறதா என்று நாக்கு சொல்ல வேண்டுமாம். என் தங்கை மகள் கல்யாணத்தில் பந்தலில் தொங்கிய மாவிலையை நக்கிவிட்டு, "உப்பே இல்ல!" என்று பந்தி நடுவே அறிவித்தார். சமையல்காரர் பதறிப்போய்ச் சாம்பாரில் ஒரு கை அள்ளிப் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

ஒரு நாள் பைக்கைப் போட்டது போட்டபடி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! கடல் வந்துட்டு! பைபாஸுக்கே வந்துட்டு!"

என் மனைவி நகைப் பெட்டியைத் தேடினாள். வந்திருந்தது ஒரே ஒரு உமரிச் செடி. உப்பு லாரிகள் டீ குடிக்க நிற்கிற இடத்தில், உப்புத் தண்ணீர் ஒழுகி ஊறிய கரிசல் மண்ணில் முளைத்திருந்தது.

லாரியோடு கடற்கரைச் செடியும் ஊருக்குள் வருகிறது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிவந்தார். கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். வந்தாலும் கரிசலில் விதை பிடித்துப் பெருகாது என்றார்கள். இந்தச் செடியின் விதை முற்றி, அது இதே மண்ணில் முளைத்தால் உமரி சார் ஜெயித்தார். இல்லையென்றால் ஆயுசுக்கும் கேலிதான்.

சுற்றி முள்வேலி போட்டார். தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். விதையும் முற்றியது. பறித்துவிடலாமே என்றேன். "இன்னும் ஒரு வெயில் காயட்டும் அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் போனால் வேலி சாய்ந்து கிடக்க, செடி இருந்த இடத்தில் பக்கத்துத் தெரு ஞானம் அக்காவின் வெள்ளாடு வாயை அசைத்துக்கொண்டு நின்றது.

உமரி சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போட்டோ இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னேன்.

"போட்டோ முளைக்குமா அண்ணாச்சி?"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கே கண் கலங்கியது. சட்டென்று துள்ளி எழுந்தார்.

"உள்ள போன வித்து வெளிய வந்துதான ஆவணும்!"

அன்று முழுக்க ஆட்டின் பின்னால் நடந்தார். விழுந்த புழுக்கையை உடைத்து உடைத்துப் பார்த்தார், விதை இன்னும் வந்து சேரவில்லை. ஞானம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சார், எங்க ஆட்டுப் பின்னாலயே சுத்துதீங்க? நாளைக்கு அத எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோறேன்."

"நானும் வாரேங்க்கா."

"ஆடு வாங்கவா?"

"இல்லக்கா, புழுக்கை பிடிக்க."

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "இவியளுக்கு வீட்டுல கேக்க ஆளில்லையா அண்ணாச்சி?" என்றாள்.

மறுநாள் குட்டியானை வண்டியில் ஆடு, அக்கா, ஆட்டின் வாலுக்குக் கீழே மஞ்சள் பையை விரித்துப் பிடித்தபடி உமரி சார். பின்னால் பைக்கில் நான். எட்டயபுரம் வரை ஆடு வைராக்கியமாக இருந்தது. சந்தையில் ஒரு வியாபாரி பல்லைப் பிடித்துப் பார்த்ததும் வாலைத் தூக்கியது.

"விழுது! விழுது!" என்று உமரி சார் பாய்ந்தார்.

"ஏலே, மருந்துக்குப் பிடிக்காவ போல!" என்றது ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் அந்த ஆட்டின் பின்னால் ஏழெட்டுப் பைகள் விரிந்திருந்தன. ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்.

பைபாஸ் மண்ணைச் சட்டிகளில் நிரப்பிப் புழுக்கையை உதிர்த்துப் போட்டார். அதன்பிறகு முளைக்குமா முளைக்காதா என்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் மோர்மிளகாய் காயவைக்கப் போன என் மனைவி மாடியிலிருந்து கூவினாள்.

"சார்! வாங்க! ஒண்ணு எட்டிப் பார்க்குது!"

மூவரும் சட்டியைச் சுற்றிக் குதித்தோம். உமரி சார் குனிந்தார், வழக்கம்போல நாக்கை நீட்டினார். பிறகு மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் நக்காமல் விட்ட ஒரே இலை அதுதான். சிரித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, சிரிக்காமல் போனார்கள்.

இப்போது அவர் கடற்கரைப் பக்கமே குடிபோய்விட்டார். ஒரு சட்டியை எங்களுக்கு விட்டுப்போனார். தெருவே நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க, நாங்கள் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றுகிறோம். போன வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் ஓர் இலையைக் கிள்ளி நக்கிப் பார்த்தேன். நல்ல உப்பு. உடனே அவருக்குப் போன் போட்டேன். செடியைப் பற்றிச் சொல்லத்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவர் குரலைக் கேட்கத்தான் போட்டேன்.