நான் வேகத்தைக் குறைத்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு, என் மகளின் கட்டிலடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் அகப்பட்டது. (பெருக்கப் போனதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். வேவு பார்க்கத்தான் போனேன்.) பிரித்தால் ஒரு சின்னப் பல்சக்கரம்.

கவிதா பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரிப் போட்டிக்காக எங்கள் கவரைப்பேட்டை வீட்டு ஷெட்டில், பழைய மொபெட் எஞ்சினை வைத்துக் குட்டி ரேஸ் வண்டி ஒன்று செய்துகொண்டிருந்தாள். "முப்பதுக்கு மேல போகாதும்மா" என்னும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். போனில் தோழியிடமோ, "ஸ்பீடு பத்தலடி, ஏத்தணும்" என்பாள். எனக்குத் தூக்கம் போயிற்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் பதினாறு வருடமாக, பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. மகளை மட்டும் நம்பிவிடுவேனா?

ஷெட்டுக்கு ஓடினேன். வண்டியின் பின் அச்சில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இன்னொரு பல்சக்கரம். புரிந்துவிட்டது. பெரியது வேகத்துக்கு, சின்னது, நான் சோதனைக்கு வந்தால் மாட்டிக் காட்ட!

அவள் போல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தெருமுனை மெக்கானிக் முனுசாமியைக் கூப்பிட்டு, பல்சக்கரத்தை மாற்றச் சொன்னேன்.

"இன்னாக்கா, நல்லா ரோசன பண்ணிக்கினு சொல்லு. சின்னதப் போட்டா வண்டி பறக்கும்."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"ஐயே, பின்னாடி பல்லு கொறஞ்சா ஸ்பீடு ஏறும்க்கா!"

எத்தனை டீ வாங்கிக் கொடுத்தாளோ, மனப்பாடமாக ஒப்பித்தான். தலையில் அடித்துக்கொண்டே மாட்டினான்.

"இப்ப ஆமையாட்டம்தான் போகும், பாரு" என்று நானே ஏறி உட்கார்ந்தேன். அவன் எஞ்சினைக் கிளப்பினான்.

முதல் பத்தடி ஆமைதான். பிறகு டீக்கடை என்னைக் கடந்து போயிற்று. எனக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டி. அதில் பிரேக் கையில். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நெரித்தேன். பயத்தில் காலும் சேர்ந்து இறுகியது. கால் இருந்தது ஆக்சிலேட்டர் மேல்.

"பிரேக்கு கால்லக்கா! எடது கால்ல!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தான் முனுசாமி.

அதையும் நான் நம்பவில்லை.

பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால்தான் நிறுத்தியது. எலும்பு தப்பியது, முன் சக்கரம் மடங்கிவிட்டது. இன்றும் எங்காவது எஞ்சின் உறுமினால் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன. நான் எதையாவது சந்தேகப்பட்டால் போதும், "முனுசாமியக் கூப்புடட்டா?" என்கிறார் கணவர்.

அன்று சேற்றில் உட்கார்ந்திருந்த என்னிடம், போல்ட் பையோடு ஓடிவந்தாள் கவிதா. கை, கால், கழுத்து எல்லாம் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் பல்சக்கரத்தைப் பார்த்தாள்.

"உனக்குப் பயந்துகினுதாம்மா இத மாட்டாம ஒளிச்சி வெச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, ரகசியமாகக் கேட்டாள்:

"சரி, எவ்ளோ ஸ்பீடு வந்துச்சி?"