மதகு மூடல் ஆய்வுக் குழு

உலக வரலாற்றில் மழைக்கே ஒழுங்கு கற்றுக்கொடுத்த அலுவலகம் ஒன்று உண்டென்றால், அது எங்களுடையதுதான். அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் பெரும்பேறு பெற்றவன் நான்.

எங்கள் ஏரியின் விதிப்புத்தகம் ஐம்பது வருடத்துக்கு முன் எழுதப்பட்டது. பத்தாம் மாதம் பதினைந்தாம் தேதி வரை ஏரியில் கால்வாசிக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. அதற்கப்புறம் கொட்டப்போகும் பெருமழைக்கு இடம் வேண்டுமே! அதுவரை வருவதையெல்லாம் கடலுக்கு விட்டுவிட வேண்டும். அந்தக் காலத்து மழையும் நல்ல பிள்ளையாகத் தேதி பார்த்து வந்தது. இப்போதைய மழைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஒன்பதாம் மாதமே வந்து, ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. போனது போனதுதான்.

இந்த வருடமும் அப்படித்தான். கூட்டம் நடக்கும்போது மதகுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். சட்டைக்குள்ளிருந்து, பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார். ஏரிக்குக் கீழே இருக்கும் டவுனில்தான் அவர் குடும்பம். கோடையில் அந்த டவுன் முழுக்கக் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

“ஐயா, இருபத்திரண்டு வருஷமா எழுதி வெச்சிருக்கேன். மழை அஞ்சு வாரம் முன்னாடி நகர்ந்துடுச்சு. இப்ப மதகை மூடலைன்னா கோடைக்குத் தொண்டை நனைக்கக்கூடத் தண்ணி இருக்காது. சாவியைக் குடுங்க, ஓடிப்போய் மூடிடறேன்.”

சாவி பெரிய இன்ஜினியரின் மேஜையில் இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது.

“இது பருவமழை இல்லையேப்பா.”

“பின்னே என்னங்கய்யா இது?”

“‘பருவத்துக்கு முந்தைய ஈரப்பதம்’. இதைத் தேக்க விதியில இடமில்லை.”

“ஏரியில இடம் இருக்குங்களே!”

சின்ன இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார். “இருபத்திரண்டு வருஷம்தானா? சராசரி போட முப்பது வேணும். இன்னும் எட்டு வருஷம் எழுதிட்டு வாங்களேன்.”

என்ன பொறுமை! என்ன விஞ்ஞானம்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இருந்தாலும் ஏழை சொல்லை நாங்கள் தட்டிவிடவில்லை. ‘மதகு மூடல் ஆய்வுக் குழு’ ஒன்றை அங்கேயே அமைத்தோம். அதற்குத் தலைவர் யார் என்பதில் மட்டும் நான்கு நாள் போனது. நான்கு நாளும் மதகுக்காரர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் மழை நின்றது. வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

விதித்த தேதியில், பளீரென்ற வெயிலில், பெரிய இன்ஜினியர் தம் பொற்கரங்களால் மதகை மூடினார். எல்லோரும் கைதட்டினோம். அதற்கப்புறம் ஒரு பொட்டு மழை இல்லை.

கோடையில் டவுன் தெருக்களில் குடங்கள் வரிசை கட்டின. ‘தட்டுப்பாட்டுக்கு யார் பொறுப்பு?’ என்று மேலிடம் கேட்டது. பெரிய இன்ஜினியர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘அலுவலகம் விதியிலிருந்து ஒரு நாளும் விலகவில்லை. உரிய தேதியில் மழைதான் ஆஜராகவில்லை.’

சாட்சிக் கையெழுத்துக்காக அதை மதகுக்காரரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

“மழை வந்துச்சு சார். நானும் வந்தேன். நீங்கதான் கடைசி வரைக்கும் வரலை.”