கேனில் வந்த கங்கை

இதை ஒழுங்காகச் சொல்ல வருமா என்று லலிதாம்பிகைக்கு இன்றைக்கும் பயம்தான். சட்டம் வருகிற கதை. ஒரு சொல் முன்னே பின்னே விழுந்தால் போதும், நடந்தது ஒன்று, கேட்டவர் புரிந்துகொண்டது வேறு என்று ஆகிவிடும். அவள் படித்ததோ ஏழாம் வகுப்பு. அதனால் புருஷன் நடனசபாபதி டீசல் விலையைத் திட்டிய காலையிலிருந்தே தொடங்குவாள்.

அது 2008-ம் வருஷம், ஆனி மாசம். சிதம்பரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனாலும் நடனசபாபதியின் வாடகை ஜெனரேட்டர்தான் ஓடும். அது டீசல் குடிக்கிற வேகத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரே பரவாயில்லை. அன்றைக்குப் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றார்.

“லலிதா, இனிமே நான் டீசல் வாங்க மாட்டேன். ஓட்டல்ல வடை சுட்டு மிஞ்சின எண்ணெயை வாங்கி, நானே பயோடீசல் காய்ச்சப் போறேன்.”

“காய்ச்சறதா? அந்த வார்த்தையே வேணாம் மாமா. கேக்கறவுங்க வேற மாதிரி நெனைப்பாங்க.”

“கவர்மெண்டே காட்டாமணக்கு நடு, எண்ணெய் எடுன்னு சொல்லுது. மெத்தனால் மட்டும் கொஞ்சம் கலக்கணும்.”

“அது என்னா?”

“பார்க்கத் தண்ணி மாதிரி இருக்கும். ஆனா விஷம். வாயில ஊத்துனா கண்ணு போயிடும். ஜாஸ்தி ஊத்துனா ஆளே போயிடுவான்.”

லலிதாம்பிகை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அதை வீட்டுல வெக்க விடுவாங்களா?”

“லைசென்ஸ் வாங்கணும். கடலூருக்கு நடையா நடக்கணும். அதுக்குள்ள எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்துடும்.”

“இல்லாம வெச்சிருந்தா?”

“உள்ள வைப்பாங்க” என்றார், சாயங்காலம் மழை வரும் என்கிற மாதிரி.

அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது.

மறுநாள் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் ஒரு வெள்ளைக் கேனைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கேனுக்குச் சாமந்தி மாலை, குங்குமம். மஞ்சள் தாளில் கொட்டை எழுத்து: காசி கங்கை தீர்த்தம்.

“செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில தெரிஞ்ச ஆளு குடுத்தான். வழியில போலீஸ் மறிச்சாங்க. லேபிளைப் பார்த்துட்டுச் செருப்பைக் கழட்டிக் கும்பிட்டாங்க! எப்படி நம்ம மூளை?”

“நம்ம தெருவுல யாராச்சும் பார்த்தாங்களா?”

“எல்லாருந்தான் பார்த்தாங்க. அதுக்குத்தானே மாலை!”

அங்கேதான் அவர் மூளை சறுக்கியது. தேர் நெருங்குகிற நேரம், கோயிலைச் சுற்றிய தெரு. அங்கே ஒரு வீட்டுக்குக் கங்கை வந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்ததாக யாரும் நினைப்பதில்லை. அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ராஜாமணி சொம்போடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி. அவளுக்குப் பின்னால் தெரு.

“அக்கா, எங்க மாமியார் படுத்த படுக்கையா கெடக்குறாங்க. ஒரு சொட்டு வாயில ஊத்தணும்.”

நடனசபாபதி கேனை மறைத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு வாங்களேன்…”

“நாளைக்கு அவுங்க இருக்கணுமேண்ணே!” ராஜாமணி அவரைச் சுற்றிக்கொண்டு போய் மூடியில் கையை வைத்துவிட்டாள்.

“தொடாத! தீட்டு!” என்று லலிதாம்பிகை அலறினாள்.

எல்லாச் சொம்புகளும் ஒரே நேரத்தில் பின்வாங்கின.

“ஐயய்யோ, யாருக்கா?”

சொல்லியாகிவிட்டது. இனி யாரையாவது சாகடித்துத்தான் ஆகவேண்டும். உயிரோடு இருப்பவரைச் சொல்ல அவளுக்கு நடுக்கம். அதனால், தாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு முன்பே செத்துப்போயிருந்த ஒருவரை இன்னொரு தடவை சாகடித்தாள்.

“கிள்ளையில இவரோட பெரியப்பா போயிட்டாரு.”

“பெரியப்பாவா?” என்று நடனசபாபதி திகைத்தார். “அவரு அப்பவே…”

“ஆமா, விடியறப்பவே போயிட்டாராம். இப்பத்தான் சேதி வந்துது.”

“சேதி கேட்டும் தலைக்கு ஊத்தாம நிக்கிறீங்களேண்ணே!” என்றாள் புஷ்பவள்ளி. வாளி வந்தது. துக்கத்தில் பங்குகொள்ள அந்தத் தெரு எப்போதும் பின்வாங்கியதில்லை. ஆளுக்கொரு வாளி ஊற்றினார்கள்.

“தீட்டு வூட்டுல தீர்த்தம் இருக்கக் கூடாதுக்கா” என்றாள் ராஜாமணி.

“கிள்ளைக்குத்தானே போறாரு, கடல்ல விட்டுட்டு வந்துடுவாரு” என்றாள் லலிதாம்பிகை. கேனை வண்டியில் வைத்துக் கட்டினாள். புருஷன் தலையைத் துவட்டுகிற சாக்கில் காதோரம் குனிந்தாள். “கடல்ல ஊத்திடாதீங்க, மீனெல்லாம் செத்துடும். தெருமுனை வரைக்கும் கிள்ளைப் பக்கமா போங்க. அப்பறமா திரும்பி செம்மங்குப்பம் போயி, குடுத்தவன்கிட்டயே குடுத்துட்டு வாங்க.”

ஈர வேட்டியோடு போனார்.

அந்த வருஷம் அவர் தேர் வடத்தைத் தொட முடியவில்லை. ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பாமேல் இவ்வளவு பாசமா என்று தெருவே உருகியது.

தீட்டு கழிந்த அன்றே, “லலிதா, இன்னொரு கேன்…” என்று ஆரம்பித்தார்.

அவள் கடலூருக்கு பஸ் ஏறி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு, லைசென்ஸ் தருகிற ஆபீசுக்குள் போனாள். லைசென்சுக்கு மனுக் கொடுத்தாள், தன் பெயரில்.

“பதில் வர்ற வரைக்கும் அதைத் தொடலாமா சார்?”

“மனு நிலுவையில இருக்கறப்ப தொடவே கூடாதும்மா. அப்புறம் மனுக் குடுத்தவுங்களத்தான் வந்து புடிப்போம்.”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். நடனசபாபதிக்கு முதலில் பெருமை. “என் பொண்டாட்டியே லைசென்ஸ் வாங்குறா!” என்று தெருவெல்லாம் சொன்னார். வாயில் வெற்றிலையைப் போட்டபோதுதான் விஷயம் உறைத்தது. இனி அவர் கேனைத் தொட்டால் ஜெயிலுக்குப் போவது அவள். சமையலுக்கு யார்?

சில மாசம் கழித்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, வீடு வழிபாட்டுத் தலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் தெரிவித்தால் லைசென்ஸ் தந்துவிடலாம்.

நடனசபாபதி அளவு டேப்போடு ஓடி வந்தார். “நீ எழுது லலிதா, நான் அளந்துட்டு வர்றேன்!”

“இருங்க மாமா, தப்பா அளந்துட்டா வம்பு” என்றாள் லலிதாம்பிகை. அன்றைக்கே ஒரு பதில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்:

“ஐயா, எங்கள் ஊர்க் கோயிலுக்கு நாலு கோபுரம். எந்தக் கோபுரத்திலிருந்து அளக்க வேண்டும் என்று தெரிவிக்கவும். அவசரமில்லை.”