அத்தை கன்னத்துக் கோடு வதைப் படலம்

வாழ்க, இரு கலைகளையும் ஒரே தோள்பையில் சுமந்தவள்! முற்பகலில் எண்ணெய் ஓவியக் கூடத்தில் துணித்திரை முன் நின்று வேர்ப்பவள், பிற்பகலில் கணினிக் கூடத்தில் ஒளித்திரை முன் அமர்ந்து குளிர்பவள், டர்பன்டைன் மணக்கும் விரல்களால் மின்பேனா பிடிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி, அவள் ஒரு புதன்கிழமைப் பிற்பகலில் ஆடிய பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். சாய்ந்திருப்போர் நிமிர்ந்து உட்காருக.

போருக்கு வித்து ஒரு முகம். ஒரே முகத்தை எண்ணெயில் ஒரு முறையும் திரையில் ஒரு முறையும் தீட்டித் தருக என்பது பல்கலைக்கழகத்தின் ஆணை. இரண்டும் அருகருகே தொங்கும். ஒன்று வராவிட்டால் மற்றதும் சுவரேறாது. அம்முகத்தை ஈந்த வள்ளல் அவளுடைய அத்தை. நான்கு மாலைகள் அசையாது அமர்ந்து, மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தபோதும் இமையாத பெருந்தகை. வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்குத் தன் தெருவையே அழைத்துவிட்டவர். "இந்த வயசுலயும் என் கன்னம் எப்படி இருக்கு பாத்தியா? மூக்கை எப்படி வேணா வரை, கேக்க மாட்டேன். கன்னத்துல கை வெச்சே, அப்புறம் அத்தைன்னு வாசப்படி ஏறாதே!" என்பது அவர் விடுத்த போர்ப் பிரகடனம்.

அன்று காலை எண்ணெய்ப் படம் முடிந்தது. அதிலும் குருதி சிந்தாமல் இல்லை. திரையில் இரு விரலால் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறையும். அந்தப் பழக்க தோஷத்தால் ஈரத் துணித்திரையையும் இரு விரலால் தட்டி, அத்தையின் நெற்றியில் இரண்டு ரேகைகளைப் பதித்தாள். அவற்றைச் சமன்செய்ய எடுத்த தூரிகையோ, கிழட்டுச் சேவலைப் போல் உதிர்வது. உதிர்ந்த முடிகளை ஈரச் சாயத்திலிருந்து இடுக்கியால் பொறுக்கிப் பொறுக்கி எறிந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கணினிக் கூடத்துக்கு ஓடினாள்.

அங்கே வாயிற்காவலனாய் வீற்றிருந்தார் கூடப் பொறுப்பாளர். "நாலு மணி வரைக்கும்தான் ஃபைல் வாங்குவேன். நாலு ஒண்ணுக்கு வந்து அண்ணா நொண்ணான்னு கெஞ்சினா காதுல விழாது!" என்று முழங்கினார். மணி மூன்றரை. திரையில் அத்தை முடிந்த கோலத்தில் ஒளிர்ந்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அவள் கண்டாள், பகைவனை! மூன்று நாள் குழைத்த கன்னத்தின் குறுக்கே, காதோரம் தொடங்கி உதட்டோரம் நோக்கி, வாள்வீச்சுப் போல் வளைந்து கிடந்தது ஒரு கருங்கோடு.

"என்னடி இப்படி வேர்க்குது? நான் பாக்கட்டுமா?" என்றாள் பக்கத்து நாற்காலித் தோழி. சுருட்டை என்பது அவள் பட்டப்பெயர். தன் படத்தை எப்போதோ அனுப்பிவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணால பாக்குற விஷயம் இல்லடி இது. ஃபைலுக்குள்ள ஏதோ புகுந்துடுச்சு. நீ பிஸ்கட்டைத் தின்னு," என்று கூறி நம் வீராங்கனை களம் புகுந்தாள்.

திரையோவியம் என்பது ஒற்றைத் தாளன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது: அடியில் பின்னணி, அதன்மேல் தோல், அதன்மேல் நிழல், உச்சியில் கண்ணின் ஒளிப்பொட்டு. எந்தத் தாளையும் தனியே மறைத்துப் பார்க்கலாம். பகைவன் எதில் ஒளிந்தான் என்றறிய அவள் நாற்பத்தொரு தாள்களையும் ஒவ்வொன்றாக மறைத்தாள். அத்தையின் தோடு போயிற்று, கூந்தல் போயிற்று, கன்னம் போயிற்று, அத்தையே போனார். எல்லாம் போன வெண்களத்தில் அவன் மட்டும், முறுக்கிவிட்ட மீசை போல, தனித்து நின்றான்.

தாள்களை மீட்டுக் காலத்தையே எதிர்த்தாள். இரு விரலால் இருநூறு முறை தட்டி, இருநூறு படி பின்னோக்கி நடந்தாள். அது கத்திமேல் நடப்பது. மூன்று விரலால் தட்டினால் முன்னோக்கித் திரும்பலாம்; ஆனால் நடுவில் பேனா தவறி ஒரு புள்ளி வைத்தாலும் வந்த வழி அடைபடும், அதுவரை வரைந்தது அத்தனையும் அம்போ. மூச்சை அடக்கித் தட்டினாள். அத்தைக்குச் சுருக்கம் நீங்கிற்று, மூக்கு நீங்கிற்று, முடிவில் முட்டை போல் ஒரு வட்டம் மிஞ்சிற்று. அதன்மேலும் அவன் கிடந்தான், அத்தை பிறப்பதற்கு முன்பே பிறந்தவன் போல! பல்லைக் கடித்துக்கொண்டு இருநூறு படியும் திரும்பி வந்தாள்.

பெருக்கிப் பார்த்தாள். மூக்குத் துவாரம் குகையாயிற்று, மச்சம் மலையாயிற்று. அவன் மயிரிழையளவும் பெரிதாகவில்லை. படத்தைக் கீழே இழுத்தாள். அத்தையின் கன்னம் இறங்கிற்று, அவன் நெற்றியில் நின்றான். மேலே தள்ளினாள், கழுத்தில் நின்றான். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை கற்றவன் என்று அவள் உள்ளம் நடுங்கிற்று. இருந்த இடத்துக்கே படத்தைக் கொண்டுவந்தாள். அவனும் கன்னத்துக்கே திரும்பினான்.

மணி மூன்று ஐம்பத்தேழு. பொறுப்பாளர் செருமினார். எஞ்சியது ஒரே ஆயுதம், அழிப்பான். கோடும் போகும், அதனடியில் மூன்று நாள் உழைப்பும், அத்தை வீட்டு வாசற்படியும் சேர்ந்தே போகும்.

"போனாப் போகட்டும்! அத்தை கன்னமா நானா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு!" என்று அவள் கர்ஜிக்க, சுருட்டையின் கையிலிருந்த பிஸ்கட் பாதி வழியில் நிற்க, பொறுப்பாளர் தலை திரும்ப, அறைக் கணினிகளின் விசிறிகள் எல்லாம் போர்ச்சங்கு போல் இரைய, ஈரிடத்து வித்தையும் ஒருங்கே திரண்ட வலக்கரத்தில் அழிப்பானாய் மாறிய மின்பேனா ஓங்கி எழுந்து, அத்தையின் மாசற்ற கன்னத்தை நோக்கி இடியென இறங்கிக்கொண்டிருந்த அக்கணத்தில்,

சுருட்டை குனிந்து திரையை ஊதினாள். அது பிரஷ் முடி.