பெட்டியில் விழுந்த இடி

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வர மாலையாகும். அதுவரை நான் சிங்கம்.

கிதார் பெடல் என்று ஒன்று உண்டு. வாசிப்பவர் காலடியில் கிடக்கும் சின்ன அலுமினியப் பெட்டி. ஒரு மிதி மிதித்தால் கிதார் உறுமும். அதை வீட்டிலேயே செய்வது என் பொழுதுபோக்கு. மிதிபடும் சாமானைச் செய்ய மிதிபடுகிறவனைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

கல்யாணத்துக்கு முன்னால் நானும் மேடையில் வாசித்தவன்தான். இப்போது விரல் ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் மாடி வீட்டுக் கிதார்காரத் தம்பி, "அண்ணே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. மேல 'இடி'ன்னு எழுத்து செதுக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்கிக்கிட்டு நேரா மேடைக்குப் போறேன்" என்றபோது உடனே தலையாட்டிவிட்டேன். நான் ஏறாவிட்டால் என்ன, என் பெட்டி மேடை ஏறட்டும்.

உள்ளே வைக்கும் சமாசாரமெல்லாம் தயார். எழுத்துதான் பாக்கி. எழுத்தைத் தாளில் அச்சடித்து, பெட்டிமேல் கவிழ்த்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் மை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் முக்கினால், மை இல்லாத இடத்தையெல்லாம் அது அரித்துவிடும். எழுத்து மட்டும் புடைத்து நிற்கும். நின்றது. இடம் வலமாக, வலம் இடமாக! கவிழ்த்தால் எழுத்தும் திரும்பும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே பெட்டி. இந்த முறை எழுத்தைத் திருப்பி அச்சடித்தேன். பக்கெட்டில் பழுப்பு நிற அமிலம். பெட்டியை உள்ளே விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். இரண்டாவது நிமிஷம் வாசல் கதவு திறந்தது. மாலையில் வர வேண்டியவள் அப்போதே வந்து நின்றாள்.

"என்னங்க பக்கெட்ல?"

"சாயம்."

"எதுக்கு?"

"பழைய துணிக்குப் போட்டுப் பார்க்கலாம்னு."

"அட! சொல்லவே இல்லையே. இருங்க." உள்ளே போனாள். என் ஒரே நல்ல வெள்ளைச் சட்டையோடு வந்தாள். "இதையும் போடுங்க."

"இது புதுசும்மா!"

"புதுசுலதான் சாயம் நல்லாப் பிடிக்கும். ஏன், சாயம்தானே அது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டி, பெடல், பொழுதுபோக்கு எல்லாம் குப்பைக்குப் போகும். கையுறையோடு சட்டையை முக்கினேன். அது கண்ணெதிரே பழுப்பானது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. காலர் வெள்ளையாவே இருக்கு."

காலரும் பழுப்பானது. அலசினேன். மறுபடி அலசினேன். மூன்றாவது முறையும் அலசவைத்து, வாசல் கொடியில் அவளே காயப்போட்டாள். ஓடிப்போய் பக்கெட்டில் பார்த்தால் பெட்டி பாதிதான் இருந்தது. மீதியில் ஓட்டை.

"அதையும் சாயம் போடத்தான் விட்டீங்களா?" பின்னால் நின்றிருந்தாள். கையில் இஸ்திரிப்பெட்டி. அதன் அடியில் கொட்டை எழுத்தில் 'இடி'. இரண்டாவது முறை ஒரு தாளை மை மேலே பார்க்க வைத்து அழுத்தித் தொலைத்ததன் பலன். "இதை வெச்சு எந்தத் துணிய தேய்ச்சாலும் இடி விழும் போலிருக்கே!"

நான் உட்கார்ந்துவிட்டேன். "அஞ்சு மணிக்குத் தம்பி வரான். நான் என்னடி சொல்லுவேன்?"

எழுத்து திரும்பிப்போன முதல் பெட்டியை அவள் எடுத்தாள். நோட்டுக்கு ஒட்டும் லேபிள் ஒன்றை அதன்மேல் ஒட்டி, பேனாவால் 'இடி' என்று எழுதினாள். பத்து வினாடி. "உள்ளே வைக்க வேண்டியதை வெச்சுத் திருகுங்க."

தம்பி வந்தான். கிதாரைச் செருகி மிதித்துப் பார்த்தான். உறுமியது.

"அருமை அண்ணே! எழுத்து யாரு?"

"நான்தான்" என்றாள் அவள்.

"சூப்பர் அண்ணி!" புறப்பட்டவன் வாசல் கொடியருகே நின்றுவிட்டான். சட்டையைத் தொட்டுப் பார்த்தான். "இந்தக் கலர் எங்க கிடைச்சுது? எங்க குழுவுல ஏழு பேருக்கும் இப்படி வேணுமே!"

"அண்ணன்தான் போட்டாரு. சாயம் போடறதுல அவருக்கு அவ்வளவு ஆசை. துணியக் குடுத்து அனுப்புங்க தம்பி."

இப்போது என் முன்னால் ஏழு வெள்ளைச் சட்டைகள் இருக்கின்றன.